பாகப்பிரிவினை கேசுக்கு வக்கீல் ஃபீஸ் எப்படி கணக்கு பண்ணுவாவ? ஒருத்தர் 10 பர்சன்ட் கேக்காவ

பாளைக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். அப்பா உயில் எதும் எழுதாம போயிட்டாவ, அம்மா அதுக்கு முன்னாடியே போயாச்சு. வீரவநல்லூர்ல அப்பா சம்பாதிச்சு வாங்குன ஒரு வீடும் பக்கத்துல காலிமனையும் கெடக்கு, அண்ணன் அந்த வீட்டுலதான் இருக்காவ, என் பாதியக் கேட்டா ஒனக்குத்தான் கல்யாணத்துல நகை போட்டாச்சுல்லாங்காவ. மூணு வருசம் கேட்டுப் பாத்துட்டுத்தான் வக்கீல தேடிப் போனேன். மூணு பேரும் மூணு விதமா சொல்லுதாவ. ஒருத்தர் மொத்தமா 60,000, அதுல 20,000 முன்பணம். இன்னொருத்தர் இப்ப 15,000, பெறவு வாய்தாவுக்கு 500. மூணாவது ஆளு இப்ப ஒரு பைசா வேண்டாம்மா, பங்கு கைக்கு வந்ததும் 10 பர்சன்ட் குடுங்க, இந்த வெத்துப் பத்திரத்துல கையெழுத்து மட்டும் போடுங்கன்னாவ. கையில பணம் இல்லாததால அதுதான் லேசாத் தெரியுது ஆனா மனசு ஒப்பல. கோர்ட் ஃபீஸ் இதுக்குள்ள அடக்கமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கோர்ட்டடி அண்ணாச்சி:
தாயி மொதல்ல ஒண்ணு, வெத்துப் பத்திரத்துல கையெழுத்து போட்டுராதீங்க, யாரு கேட்டாலும் சரி. நான் 22 வருசம் வக்கீல் குமாஸ்தாவா இருந்தவன்.

வக்கீல் ஃபீஸ் வேற, கோர்ட் ஃபீஸ் வேற, செலவு வேற. கோர்ட் ஃபீஸ் அரசாங்கத்துக்குப் போறது. நம்ம தமிழ்நாட்டுல முன்ன சொத்து மதிப்புல ஏழரை சதவீதம் கட்டணும், 2017ல அத 3 ஆக்கிட்டாவ. ஆனா பாகப்பிரிவினைல ஒரு விசயம் இருக்கு. சொத்து இன்னும் கூட்டு அனுபவத்துல இருக்குன்னா பங்குக்குத் தக்க ஒரு நிலையான சின்னத் தொகைதான். ஒங்கள சுவாதீனத்துல, அதாவது சொத்த அனுபவிக்கிறதுல இருந்து வெளிய தள்ளிட்டாவன்னா பங்கோட மதிப்புக்கு 3 சதவீதம், அதாவது ஒங்க பாதி 20 லட்சம் பெறும்னா 60,000. அதனால அண்ணன் வீட்டுல ஒங்களுக்கு போக்குவரத்து இருக்கா, சாவி யாருகிட்ட, வரி யாரு கட்டுதாவ எல்லாத்தையும் உள்ளது உள்ளபடி வக்கீல்ட்ட சொல்லுங்க.

செலவுன்னா சம்மனுக்கு பேட்டா, டைப்பிங், சர்டிஃபைட் காப்பி, வில்லங்கச் சான்று. அடுத்தது ரொம்ப முக்கியம், நெறைய பேரு இங்கதான் ஏமாந்து போறாவ. பாகப்பிரிவினைல தீர்ப்பு ரெண்டு தடவ வரும். மொதல்ல பிரிலிமினரி டிகிரி, ஒனக்குப் பாதி உண்டுன்னு மட்டும் சொல்லும். அதுக்குப் பெறவு எந்தப் பாகம் யாருக்குன்னு பிரிச்சுக் குடுக்குற ஃபைனல் டிகிரி, முன்ன அதுக்கு தனியா மனு போடணும், 2022ல சுப்ரீம் கோர்ட்டு தனி மனு வேண்டாம்னுட்டு. கோர்ட்டு கமிஷனர் வந்து அளப்பாரு, அவருக்கு ஃபீஸ், அப்பறம் முத்திரைத்தாள். மொத வக்கீல் கேட்ட அந்த 60,000 எது வரைக்கும்னு கேட்டீங்களா? மொத தீர்ப்போட முடிஞ்சா பாதிக் கெணறுதான். வாய்தாவுக்கு 500ன்னவரு கணக்கும் போட்டுப் பாருங்க, மாசம் ஒண்ணுன்னு வச்சாலும் அஞ்சு வருசத்துல 60 வாய்தா, 30,000, மொத 15,000 சேத்தா 45,000.

ஜூனியர் வக்கீல்:
அக்கா நான் பாளையங்கோட்டைல ப்ராக்டிஸ் பண்ணுதேன். பங்குல இத்தன பர்சன்ட்னு பேசுறதே தப்பு. ஜெயிச்சா இவ்வளவுன்னு பேசக்கூடாது, வர்ற பணத்துல பங்கு கேக்கக்கூடாதுன்னு பார் கவுன்சில் விதியே இருக்கு, 2017ல சுப்ரீம் கோர்ட்டும் ஒரு விபத்து நஷ்டஈடு கேஸ்ல அதையே சொல்லிருச்சு, அந்த ஃபீஸுக்காக வாங்குன செக்க வச்சு கட்சிக்காரம்மா மேல போட்ட வழக்கயும் ரத்து பண்ணிட்டாங்க.

மத்த ரெண்டு பேரும் கேட்டதுல தப்பில்ல. கட்டணம் இவ்வளவுதான்னு யாரும் நிர்ணயிச்சு வைக்கல, அவங்க அனுபவம், கேஸோட கஷ்டம் பாத்து கேப்பாங்க. பிராது எழுதுறதுக்கு முன்னாடி பழைய பத்திரம் எல்லாம் உக்காந்து படிக்கிற உழைப்பு வெளிய தெரியாது.

ஆனா நீங்க ஏன் கடன் வாங்கணும்? இலவச சட்ட உதவில பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது, 1987 சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்துல 12வது பிரிவு. பாளை கோர்ட்டு வளாகத்துல மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு, மனு குடுத்தா வக்கீல் போடுவாங்க, கோர்ட் ஃபீஸும் அவங்க பொறுப்பு, அந்த வக்கீல் ஒங்ககிட்ட பணம் கேக்கக்கூடாது. 15100க்கு போன் பண்ணியும் கேக்கலாம். கேஸ் போடுறதுக்கு முன்னாடியே அண்ணன கூப்ட்டு லோக் அதாலத்துல, அதாவது மக்கள் நீதிமன்றத்துல பேசி முடிச்சு வைக்கச் சொல்லியும் கேளுங்க, அங்க கட்டணமும் இல்ல, அப்பீலும் இல்ல.

சேரன்மாதேவிக்காரன்:
குடுக்குற ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்க, ஃபீஸா செலவான்னு அதுல எழுதச் சொல்லுங்க. எங்க அப்பா கேஸ்ல வக்கீல மாத்தப் போனோம், பாக்கி 35,000 குடுத்தாத்தான் கேஸ் கட்டு தருவேன்னு ஒரு வக்கீல் எட்டு மாசம் இழுத்தடிச்சாரு, அந்த எட்டு மாசத்துல அப்பாவே தவறிட்டாவ. இன்னைக்கும் அத நெனச்சா மனசு ஆறல. ஃபீஸ் பாக்கிக்காக கட்டப் பிடிச்சு வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லன்னு 2000லயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருக்குன்னு பெறவுதான் தெரிஞ்சுது. ஒரிஜினல் பத்திரம் எதையும் நகல் எடுத்து வைக்காம குடுக்காதீங்க.

பாளைக்காரி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, அண்ணாச்சி ஒங்களுக்கும். ரெண்டு டிகிரி சமாச்சாரம் ஒருத்தரும் எங்கிட்ட சொல்லல. திங்கக்கெழம ஆணைக்குழு ஆபீசுக்குப் போறேன். வாரிசு சான்றிதழ் இருக்கு, வேற என்ன கொண்டு போகணும்?

ஜூனியர் வக்கீல்:
அப்பா அம்மா ரெண்டு பேரு இறப்புச் சான்றிதழ், ஆதார், வீட்டு வரி ரசீது, பத்திர நகல். பத்திரம் அண்ணன்ட்ட இருந்தா சார்பதிவாளர் ஆபீஸ்ல நகலுக்கு எழுதிப் போட்டுருங்க அக்கா. காலைல பத்தரைக்கே வந்துருங்க.