கொட்டாங்கச்சி, நெற்று வைத்து விளையாட யோசனை வேண்டும்

வணக்கம். பெங்களூரு அல்சூரில் அடுக்குமாடி வீடு. பெரியவளுக்கு ஐந்து வயது, சின்னவனுக்கு இரண்டு. கடையில் வாங்கிய பொம்மையெல்லாம் பரண்மேல் தூங்குகிறது. கொட்டாங்கச்சி, கரண்டி, துணி கிளிப் இருந்தால் போதும் பெரியவளுக்கு. கப்பன் பார்க்கில் பொறுக்கிய மயில்கொன்றை (குல்மோகர் மரம்) நெற்று ஒன்று வைத்திருக்கிறாள். முழங்கை நீளம், காய்ந்து கறுத்தது, ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும். காலையில் அது வாள், மதியம் சாம்பார் கிண்டும் அகப்பை, ராத்திரி தம்பிக்குத் தாளம். நான் எதுவும் சொல்லித் தருவதில்லை.

சிக்கல் சின்னவன்தான். எது கிடைத்தாலும் வாயில். புளியங்கொட்டை, சோழி, மஞ்சாடி எல்லாம் தொண்டையில் அடைக்கும் என்று எடுத்து வைத்துவிட்டேன். குன்றிமணி, அரளிக்காய் வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது, இரண்டும் விஷம். (பல்லாங்குழிக்குக் குன்றிமணி வைத்துத்தானே ஆடினோம் என்று மாமியாருக்கு வருத்தம். இருக்கட்டும்.)

இரண்டு பேரும் சேர்ந்து விளையாட, அவன் வாய்க்குள் போகாத அளவில் என்ன கொடுக்கலாம்? பெயின்ட், மருந்து அடிக்காத மரத்துண்டு இந்தப் பக்கம் எங்கே கிடைக்கும்? அப்புறம், பொறுக்கி வரும் நெற்றில் பூச்சி வராமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள்? வெயிலில் போட்டும் பொடிப்பொடியாக உதிர்கிறது.

ஆன்லைன் கிட் லிங்க் மட்டும் வேண்டாம், ப்ளீஸ். கீழ்வீட்டு ஆன்ட்டி மேலே வராத அளவுக்குச் சத்தம் குறைந்ததாக இருந்தால் ரொம்ப நல்லது.