மெயில் சர்வருக்கு ஸ்பாம் ஃபில்டர்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

மன்னார்குடி பக்கம் ஒரு அரிசி ஆலையில் கணினி வேலைகளைப் பார்க்கிறேன். மெயில் சர்வர் அலுவலகத்திலேயே இருக்கிறது. ஸ்பாம் தொல்லை தாங்கவில்லை. சாக்கு சப்ளை செய்பவர் பெயரில் "வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று போலிக் கடிதம் வேறு. கணக்கர் போன் போட்டுக் கேட்டதால் தப்பித்தோம்.

வெளி ஃபில்டர் சேவை எடுக்கலாம் என்று யோசனை. எம்எக்ஸ் பதிவை (நம் டொமைனுக்கு வரும் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்வது) அவர்கள் பக்கம் மாற்றினால், எல்லா மெயிலும் அங்கே போய்ச் சலித்த பிறகுதான் நமக்கு வரும். சரி, ஆனால் நம் ஐபி முகவரி தெரிந்தவன் எம்எக்ஸைப் பார்க்காமல் நேராகவே அனுப்புவானே? ஃபயர்வாலில் மெயில் வரும் வழியான 25-ஆம் போர்ட்டை அந்தச் சேவையின் ஐபிகளுக்கு மட்டும் திறந்தால் போதுமா? அப்புறம், நம் சர்வரில் ஓடும் எஸ்பிஎஃப் சோதனையை (அனுப்பும் ஐபிக்கு அந்த டொமைன்காரர் அனுமதி தந்திருக்கிறாரா என்று பார்ப்பது) என்ன செய்வது? எல்லாமே ஃபில்டரின் ஐபியிலிருந்து வந்தால் நல்ல மெயிலும் அதில் தோற்றுவிடும்.

சர்வர் அணைந்து கிடந்தாலும் மெயிலைப் பிடித்து வைத்திருப்பார்களாம். 2018 கஜா புயலில் கரண்ட் இல்லாமல் கிடந்த ஊர்க்காரர்களுக்கு இது பெரிய விஷயம்.

முதலாளியின் பயம் வேறு: புதிதாக விலை கேட்டு வரும் சிங்கப்பூர் மெயில் குவாரன்டைனில் (சந்தேக மெயிலை ஃபில்டர் நிறுத்தி வைக்கும் இடம்) மாட்டினால் ஆர்டர் போச்சு என்கிறார். உங்கள் அலுவலகத்தில் அதைத் தினமும் யார் திறந்து பார்க்கிறார்கள்?