அக்குபஞ்சர் ஊசி டோபமினைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா?

கேள்வி:
போதை மீட்புச் சிகிச்சையில் காதில் ஐந்து ஊசி குத்துகிறார்கள். காரணம் கேட்டால் "எண்டார்ஃபின் சுரக்கும்" என்கிறார்கள். எண்டார்ஃபின் என்பது உடலே சுரக்கும் வலி தணிப்பி. ஆனால் ஹெராயினும் அது ஒட்டும் அதே ஏற்பிகளில்தான் ஒட்டுகிறது, மூளையில் இன்பத்தையும் வேட்கையையும் தூண்டும் டோபமினைக் கூட்டுகிறது. அப்படியென்றால் ஊசி வேட்கையைத் தூண்டத்தானே வேண்டும், எப்படித் தணிக்கும்?

பதில் 1:
நல்ல இடத்தில் பிடித்திருக்கிறீர்கள். நடுமூளையில் டோபமின் நரம்பணுக்களுக்குக் கடிவாளம் போட்டிருப்பவை காபா நரம்பணுக்கள் (காபா என்பது நரம்பணுவை அடக்கும் வேதிப்பொருள்). ஹெராயின் அந்தக் கடிவாளத்தைத் தளர்த்துவதால்தான் மூளையின் இன்ப மையமான நியூக்ளியஸ் அக்கம்பன்ஸில் டோபமின் பொங்குகிறது. மணிக்கட்டு மடிப்பில் சுண்டுவிரல் பக்கம் இருக்கும் ஷென்மென் புள்ளியைத் தூண்டினால் கடிவாளம் மறுபடி இறுகுகிறது என்று கொரிய ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினார்கள். செய்தி முன்கையில் சுண்டுவிரல் பக்கமாக ஓடும் அல்நார் நரம்பு வழியே தண்டுவடத்தின் பின்பகுதியில் ஏறி, மூளையின் நடுவில் இருக்கும் ஹேபெனுலா என்ற சிறு பகுதியைத் தொட்டு நடுமூளைக்கு வருகிறது. தண்டுவடத்தின் அந்தப் பின்பாதையைச் சேதப்படுத்தினால் விளைவு இல்லை. சாராயம் கொடுத்த எலிகளில் காபா‑பி ஏற்பியை (காபா ஒட்டும் ஏற்பிகளில் ஒரு வகை) மருந்தால் அடைத்தாலும் இல்லை.

ஒரு குழப்பம் வேண்டாம். காதிலும் ஷென்மென் என்றே ஒரு புள்ளி உண்டு. அது மேல்காதின் முக்கோணக் குழியில் இருக்கிறது, நரம்பும் வேறு. மணிக்கட்டு ஆய்வைக் காட்டிக் காது ஊசிக்குச் சான்று சொல்வது தவறு.

பதில் 2:
மின்தூண்டல் சேர்த்தால் அதிர்வெண்தான் எல்லாம். பீக்கிங் பல்கலைக்கழகத்தில் ஹான் ஜிஷெங் குழு கண்டது: 2 ஹெர்ட்ஸில் எண்கெஃபலினும் பீட்டா எண்டார்ஃபினும், 100 ஹெர்ட்ஸில் டைனார்ஃபினும் வெளிவரும்; மூன்றும் உடலின் சொந்த ஓபியாய்டுகள், அதாவது அபின் போல் வேலை செய்யும் பொருள்கள். டைனார்ஃபின் கப்பா என்ற வேறு வகை ஓபியாய்டு ஏற்பியில் வேலை செய்து டோபமினைக் குறைக்கும். உங்கள் கேள்விக்குப் பாதி விடை இதுதான். மீதிப் பாதி: போதையை விட்டவுடன் டோபமின் இயல்பைவிடத் தாழ்ந்துவிடுகிறது, அப்போது உடலின் சொந்த ஓபியாய்டு சிறிது சுரப்பது பள்ளத்தை நிரப்புமே தவிர, ஹெராயின் போல் உச்சத்துக்குத் தூக்காது.

2, 100 இரண்டையும் 3 விநாடிக்கு ஒருமுறை மாற்றி 30 நிமிடம் கொடுப்பது வழக்கம். மணிக்கணக்கில் நீட்டினால் ஓபியாய்டை எதிர்க்கும் கோலிசிஸ்டோகைனின் சுரந்து பலனைத் தின்றுவிடும். இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் மின்சாரம் கூடவே கூடாது.

பதில் 3:
எலியில் தெளிவாக இருப்பது மனிதரில் அப்படி இல்லை. 2002இல் அமெரிக்காவில் கொக்கைனுக்கு அடிமையான 620 பேரிடம் 8 வாரம் சோதித்தார்கள். காது ஊசி, புள்ளி தவறிய ஊசி, வெறும் தளர்வுப் பயிற்சி மூன்றுக்கும் பலனில் வேறுபாடு இல்லை. புள்ளி தவறினாலும் தோலின் நரம்பு தூண்டப்படத்தான் செய்கிறது என்பது ஒரு சிக்கல்; ஆனால் தளர்வுப் பயிற்சியையும் மிஞ்சவில்லையே, அதை எப்படி ஒதுக்குவது?

பதற்றம், தூக்கமின்மைக்குத் துணையாக வைத்துக்கொள்ளுங்கள். ஊசியை நம்பி, ஹெராயின் போன்ற போதைக்கு மாற்றாக மருத்துவர் தரும் பியூப்ரெனார்ஃபினையோ மெத்தடோனையோ நிறுத்தவே வேண்டாம். அந்தப் போதையைச் சில வாரம் விட்டவருக்கு உடலின் தாங்குதிறன் போயிருக்கும். பழைய அளவை மறுபடி எடுத்தால் மூச்சு நின்றுவிடக்கூடும். குடியை நிறுத்தி வலிப்பு வரக்கூடிய நிலையில் இருப்பவருக்கு முதலில் மருத்துவமனை, பிறகுதான் ஊசி. காதில் குத்துவது ஒருமுறை மட்டுமே பயன்படும் ஊசியா என்று பாருங்கள். குருத்தெலும்பில் சீழ் பிடித்தால் காதின் வடிவமே கெட்டுவிடும்.