பெருநகரில் நல்ல புத்தகக் கடையை எதை வைத்து அடையாளம் காண்பது?

கேள்வி:
பணி மாற்றலாகிப் பெருநகரம் ஒன்றில் குடியேறி நான்கு மாதங்களாகின்றன. பெரிய ஊரில் புத்தகத்துக்குப் பஞ்சமிருக்காது என்று நம்பி வந்தேன். கடைகள் இருக்கவே செய்கின்றன; ஆனால் எதற்குள் நுழைந்தாலும் முன்மேசையில் அதே புதிய நூல்கள்தாம். மூன்று பாகங்கள் கொண்ட வரலாற்று நூலொன்றைத் தேடியபோது, பின்னிரண்டு பாகங்கள் மட்டும் முதுகட்டை வெளுத்துப்போய் நின்றன. முதல் பாகம் எப்போது வரும் என்பது கடையில் எவருக்கும் தெரியவில்லை.

பதில் 1:
நீங்கள் கண்ட அந்த வெற்றிடமே தக்க உரைகல். விற்காத பிரதிகளைப் பதிப்பகத்துக்குத் திருப்பியனுப்பும் ஏற்பாடு பல நாடுகளில் உண்டு. வாடகை மிகுந்த இடத்தில் கடை நடத்துபவர், சில மாதங்கள் அசையாத நூலை அனுப்பிவிட்டுப் புதியதை அடுக்கவே விரும்புவார். எனவே முன்மேசையைப் பார்க்காதீர்கள். உங்களுக்கு நன்கு பழக்கமான துறையின் அலமாரிக்குச் சென்று, வெளிவந்து பத்தாண்டுகளான அடிப்படை நூல்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பதில் 2:
இருப்பைவிட, இல்லாததை வரவழைத்துத் தரும் ஆற்றலையே நான் மதிப்பேன். பெயரை மட்டும் சொல்லாமல், நூலின் ஒவ்வொரு பதிப்பையும் தனியே அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணையும் கொடுங்கள். 2007க்கு முந்தைய பதிப்புகளில் அது பெரும்பாலும் 10 இலக்கமாக இருக்கும். இன்றைய 13 இலக்க எண்ணைப் பெற முன்னால் 978 சேர்த்தால் மட்டும் போதாது, கடைசிச் சரிபார்ப்பு இலக்கத்தையும் புதிதாகக் கணக்கிட வேண்டும். கணினியைப் பார்த்து “இல்லை” என்பவரைவிட, “எந்த மொழிபெயர்ப்பு வேண்டும்?” என்று கேட்பவரின் கடைக்கு இரண்டு பேருந்து மாறியும் போகலாம்.

பதில் 3:
கடைக்காரரை மட்டும் குறைசொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. கடையில் புரட்டிப் பார்த்துவிட்டு, தள்ளுபடிக்காக இணையத்தில் வாங்குபவர்கள் நாம்தாமே (நானும் செய்திருக்கிறேன்). பிரான்சில் 1981ஆம் ஆண்டுச் சட்டம் புதிய நூல்களுக்கான தள்ளுபடியை 5 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்தியதால், சிறு கடைகளால் விலையில் பெரிய கடைகளுக்கு ஈடுகொடுக்க முடிகிறது. அத்தகைய காப்பு இல்லாத ஊர்களில், அச்சில் இல்லாதவற்றுக்குப் பழைய புத்தகக் கடைகளே கதி. அங்கு வாங்குமுன் நூலை நடுவில் விரித்துப் பாருங்கள். தைத்த கட்டு தாங்கும், பசை காய்ந்த கட்டு தாள்தாளாகக் கையோடு வந்துவிடும்.

கேட்டவர்:
நன்றி. முதல் பாகத்தின் எண்ணை எழுதிக்கொண்டேன். நாளை வேறொரு கடையில் கொடுத்துப் பார்க்கிறேன்.