பரங்கிக்காய்க் கூழை ஜாடியில் அடைத்துவிட்டேன், ஆப்பிள் ஜாம் வேறு தண்ணீராக நிற்கிறது

அரைக்கிண்ணம்:

இலையுதிர் காலம் வந்துவிட்டால் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குணம் வந்துவிடுகிறது, வேண்டாம் வேண்டாம் என்றாலும் மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். என் தோழியும் அப்படித்தான். உறைபனி விழுவதற்குள் பறித்துவிட்டேன் என்று சொல்லி ஏறக்குறைய 12 கிலோ ஆப்பிள், நான்கு பரங்கிக்காய், இரண்டு பெரிய முட்டைகோஸ், ஒரு பை நிறையப் பச்சைத் தக்காளி எல்லாம் என் சமையலறைத் தரையில் கிடக்கின்றன. சமையலறை சின்னது. ஃப்ரீசரில் ஒரே ஒரு இழுப்பறைதான்.

இதுவரை செய்தது: இரண்டு பரங்கிக்காயை வேகவைத்து மசித்து, சர்க்கரையும் பட்டையும் போட்டுக் கிளறி ஜாடிகளில் நிரப்பி, கொதிக்கும் தண்ணீரில் அரைமணி நேரம் வைத்து எடுத்தேன். மூடி எல்லாம் 'டக்' என்று உள்வாங்கிக்கொண்டது, பார்க்க அழகாக இருக்கிறது. போன ஞாயிறு 4 ஜாடி, நேற்று இரவு 3 ஜாடி, எல்லாம் அலமாரியில். ஆப்பிளில் 2 கிலோ ஜாம் செய்தேன், சர்க்கரை அதிகம் வேண்டாமே என்று 600 கிராம் மட்டும் போட்டேன், அது உறையவே இல்லை, சாய்த்தால் ஓடுகிறது. மீதியை என்ன செய்வது? முட்டைகோஸைப் புளிக்கவைக்க ஆசை, ஆனால் பயம். எங்கே தப்பு என்று சொல்லுங்கள்.

கண்ணாடிஜாடி:

ஜாம் கிடக்கட்டும், அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. முதலில் பரங்கிக்காயைப் பாருங்கள், இன்றைக்கே.

போன ஞாயிறு செய்த 4 ஜாடியையும் திறக்காமல், ருசி பார்க்காமல், அப்படியே ஒரு பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். நேற்று இரவு செய்த மூன்றுக்கு 24 மணி நேரம் ஆகவில்லை, அதனால் அவற்றைக் காப்பாற்றலாம். உடனே ஃப்ரிட்ஜில் வையுங்கள், நாலைந்து நாளில் தின்று தீர்க்க முடியாது என்றால் டப்பாவுக்கு மாற்றி ஃப்ரீசருக்கு அனுப்புங்கள். ஜாடியோடு உறையவைக்காதீர்கள், கழுத்து குறுகிய ஜாடி என்றால் உறையும்போது விரிந்து வெடிக்கும்.

காரணம் இதுதான். ஆப்பிள் புளிப்பு, பரங்கிக்காய் புளிப்பில்லை. புளிப்பை அளக்கும் எண்ணுக்குப் பி.எச். என்று பெயர், எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். பொதுவாக பி.எச். 4.6 என்பதைத்தான் எல்லைக்கோடாக வைத்திருக்கிறார்கள். ஆப்பிள் 3.3 முதல் 4 வரை இருக்கும், பரங்கிக்காய் எல்லைக்கு மேலே. மண்ணில் எங்கும் இருக்கும் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்கிற பாக்டீரியாவின் வித்துகள் 100 டிகிரி கொதிநீரில் சாவதில்லை, அரைமணி என்ன, மூன்று மணி நேரம் வைத்தாலும் பிழைத்துக்கொள்ளும். புளிப்பு இருந்தால் அவற்றால் முளைக்க முடியாது. புளிப்பில்லாத, ஈரமான, காற்றே இல்லாத, அறைச் சூட்டில் இருக்கும் ஜாடி கிடைத்தால் அங்கே முளைத்து நஞ்சை உண்டாக்கும். நீங்கள் 'டக்' சத்தம் கேட்டுச் சந்தோஷப்பட்டீர்களே, அது காற்று போய்விட்டது என்பதற்கான சத்தம். அந்தக் கிருமிக்கும் அதுதான் வேண்டும். நஞ்சு உண்டானால் வாசனையோ நிறமோ மாறியாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை, அதனால்தான் ருசி பார்க்காதீர்கள் என்றேன்.

சட்டிச்சூடு:

கொஞ்சம் அதிகமாகவே பயமுறுத்துகிறீர்கள் என்று தோன்றுகிறது. நான் எட்டு வருடமாகப் பரங்கிக்காய்க் கூழை இப்படித்தான் ஜாடியில் அடைக்கிறேன், வீட்டில் எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறோம். சர்க்கரை போட்டிருக்கிறார் அல்லவா, அது கெடவிடாது. அப்படியே பயம் என்றால் பிரஷர் குக்கரில் வைத்து நாலு விசில் விட்டால் முடிந்தது.

கண்ணாடிஜாடி:

சட்டிச்சூடு, உங்கள் வீட்டில் எல்லோரும் நன்றாக இருப்பதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் எட்டு வருடமாக அந்த வித்து உங்கள் ஜாடியில் முளைக்கவில்லை என்பதுதான் இதில் தெரிகிறது, முளைக்க முடியாது என்பது தெரியவில்லை. எல்லா ஜாடியிலும் நடக்காது, எப்போதோ ஒன்றில் நடக்கும். அந்த ஒன்றுக்கு வைத்தியம் என்பது தீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சுக்கருவி. ஒரு ஜாடிக் கூழுக்கு இது தேவையா?

சர்க்கரை காப்பாற்ற வேண்டுமானால் ஜாமில் இருப்பதுபோல எடையில் 60 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும், கூழில் யாரும் அவ்வளவு போடுவதில்லை. குக்கர் விஷயத்தை நானும் ஒரு காலத்தில் நம்பிக்கொண்டிருந்தேன். சின்னக் குக்கர் சீக்கிரம் சூடாகிறது, சீக்கிரம் ஆறிவிடுகிறது. ஜாடிகளுக்கென்றே செய்த பெரிய அழுத்தக் கலத்தில் 116 முதல் 121 டிகிரி வரை போகும், அதற்குச் சோதித்துச் சொன்ன நேரக்கணக்கில் அது ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் அடங்கியிருக்கிறது. அந்தக் கணக்கை விசிலுக்கு மாற்ற முடியாது. அந்தப் பெரிய கலமே இருந்தாலும் மசித்த பரங்கிக்காய்க்கு நேரக்கணக்கு கிடையாது, ஏனென்றால் ஒருவர் மசிப்பது தண்ணீராக இருக்கும், இன்னொருவருடையது களியாக இருக்கும், நடுவரை சூடு போய்ச் சேர எவ்வளவு நேரம் என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டரை சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டித் தண்ணீரில் போட்டதற்குத்தான் கணக்கு இருக்கிறது.

அரைக்கிண்ணம், கூழ் வேண்டுமென்றால் உறையவைப்பதுதான் வழி. காயை இரண்டாகப் பிளந்து வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி ஓவனில் மெத்தென்று ஆகும்வரை சுட்டு, சதையைச் சுரண்டி, துணி போட்ட வடிகட்டியில் ஒரு இரவு நீர் வடியவிடுங்கள், பாதியாகச் சுருங்கிவிடும். பிறகு கால் கிலோ கால் கிலோவாகப் பையில் தட்டையாகப் பரப்பி உறையவைத்து, உறைந்த பின் புத்தகம் அடுக்குவதுபோல நிறுத்தி வைத்தால் ஒரே இழுப்பறையில் ஆச்சரியமான அளவு பிடிக்கும்.

பாகுப்பதம்:

பெரிய ஆபத்தைப் பேசி முடித்துவிட்டீர்கள், நான் ஜாமுக்கு வருகிறேன்.

ஜாம் உறைவதற்குப் பெக்டின் (பழத்திலேயே இருக்கும், கட்டியாக்கும் பொருள்), புளிப்பு, சர்க்கரை மூன்றும் வேண்டும். சர்க்கரையின் வேலை இனிப்பு மட்டும் என்று நினைத்துத்தான் எல்லோரும் அதில் கைவைக்கிறார்கள். அது தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால்தான் பெக்டின் இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. 2 கிலோவுக்கு 600 கிராம் என்றால் எத்தனை நேரம் காத்திருந்தாலும் ஜாமாக உறையாது. இன்னொன்று, பழம் நன்றாகப் பழுத்துவிட்டால் பெக்டின் குறைந்துவிடும், கொஞ்சம் காயாக இருக்கும் ஆப்பிளில்தான் அதிகம். தோலிலும் நடுத்தண்டிலும் நிறைய இருக்கிறது, அதைக் குப்பையில் போடுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். துணியில் முடிந்து பழத்தோடு வேகவிட்டு, பிழிந்து எடுத்துவிடுங்கள்.

இப்போது இருப்பதை ஜாம் ஆக்கப் போராட வேண்டாம். ஆப்பிள் பட்டர் ஆக்கிவிடுங்கள். பெயரில்தான் பட்டர், வெண்ணெய் ஒரு துளி கிடையாது, பழக்கூழைச் சுண்டக் காய்ச்சுவதுதான். எல்லாவற்றையும் சல்லடையில் தேய்த்து அகலமான தட்டில் ஊற்றி ஓவனில் 120 டிகிரியில் வைத்து அரைமணிக்கு ஒருமுறை கிளறினால் போதும். அடுப்பில் வைத்தால் எரிமலை மாதிரி தெறிக்கும், என் முழங்கையில் இன்னும் தழும்பு இருக்கிறது. பதம் பார்ப்பது சுலபம், ஒரு கரண்டி எடுத்துத் தட்டில் வைத்தால் குவியலாக நிற்க வேண்டும், ஓரத்தில் தண்ணீர் வளையம் பிரிந்து வரக்கூடாது. ஆப்பிளின் புளிப்பு போதும் என்பதால் சர்க்கரை குறைவாக இருந்தாலும் கொதிநீரில் வைத்து மூடலாம், திறந்த பிறகு மட்டும் ஃப்ரிட்ஜில் வையுங்கள், இல்லாவிட்டால் சீக்கிரம் பூசணம் பிடிக்கும். சூடாக நிரப்பி, மேலே 6 மில்லிமீட்டர் இடம் விட்டு, விளிம்பைத் துடைத்து, புது மூடி போட்டு, அரை லிட்டர் ஜாடி என்றால் 10 நிமிடம். அப்படி 10 நிமிடம் வைப்பதாக இருந்தால் ஜாடியை முன்னால் தனியாகக் கொதிக்கவைக்க வேண்டியதில்லை, சோப்புப் போட்டுக் கழுவிச் சூடாக வைத்திருந்தால் சரி. 1800 மீட்டருக்கு மேல் உயரமான ஊர் என்றால் 15 நிமிடம், ஏனென்றால் அங்கே தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும்.

அடுத்த முறை நிஜ ஜாம் செய்ய ஆசை இருந்தால் தெர்மாமீட்டரில் 104, 105 டிகிரி பாருங்கள், அல்லது ஃப்ரீசரில் வைத்த சின்னத் தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளுங்கள், சுருக்கம் விழுந்தால் இறக்கிவிடலாம். ஒரே நேரத்தில் இரண்டு மடங்கு காய்ச்சக் கூடாது, தண்ணீர் வற்ற நேரமாகி அதற்குள் பெக்டின் உடைந்துவிடும்.

நிலவறை:

எல்லாவற்றையும் ஏன் காய்ச்சுகிறீர்கள் என்று ஒரு ஆள் கேட்க வேண்டாமா? மீதி 10 கிலோ ஆப்பிளில் அடிபடாதது, காம்போடு இருப்பது, புழுத்துளை இல்லாதது இதையெல்லாம் பொறுக்கி ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றி, உறையாத அளவுக்குக் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள், 0 முதல் 4 டிகிரி இருந்தால் உத்தமம். தடித்த தோலுள்ள கடைசிப் பருவ ரகம் என்றால் மாதக்கணக்கில் வரும். வாரம் ஒருமுறை பார்த்து, அழுகத் தொடங்கியதை எடுத்துவிடுங்கள். அடிபட்டது மட்டும் ஆப்பிள் பட்டருக்கு.

வெட்டாத பரங்கிக்காய் தானாகவே இருக்கும் பண்டம், அதற்கு ஜாடியே வேண்டாம். காம்பு ஒடியாமல் இருக்க வேண்டும், காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள். 27, 28 டிகிரிச் சூட்டில் பத்து நாள் வைத்தால் தோல் இறுகும், பிறகு 10 முதல் 13 டிகிரியில், காய்ந்த இடத்தில் ஒன்றையொன்று தொடாமல் வைத்தால் இரண்டு மூன்று மாதம் நிற்கும். ஆப்பிள் பக்கத்தில் மட்டும் வேண்டாம், ஆப்பிள் விடும் எத்திலீன் வாயு பரங்கிக்காயைச் சீக்கிரம் கெடுக்கும்.

அதே வாயு பச்சைத் தக்காளிக்கு நல்லது. முழு அளவு வளர்ந்து வெளிர் பச்சைக்கு வந்ததை ஒரு பெட்டியில் ஒற்றை வரிசையாகப் பரப்பி நடுவில் ஒரு பழுத்த ஆப்பிள் வையுங்கள், அறைச் சூட்டிலேயே சிவக்கும். ஃப்ரிட்ஜில் வைத்தால் கல்லு மாதிரி இருந்து அழுகும். சின்னதாகக் கரும்பச்சையில் இருப்பது பழுக்காது, அதை வினிகரில் போடுங்கள், 5 சதவீத வினிகராக இருக்கட்டும், புளிக்கிறதே என்று வினிகரைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டாதீர்கள். பிற்பாடு சிவந்ததை ஜாடியில் அடைக்க நினைத்தால் அரை லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி பாட்டில் எலுமிச்சைச் சாறு கட்டாயம், தக்காளி அந்த 4.6 எல்லையிலேயே ஊசலாடும் ஆசாமி. உறைபனியில் கருகிய செடியில் பறித்தது என்றால் சாறு விட்டாலும் ஜாடியில் அடைக்கக் கூடாது, நல்லவேளை உங்கள் தோழி முந்திக்கொண்டார்.

புளிப்புக்காரன்:

முட்டைகோஸுக்குப் பயப்படவே வேண்டாம், இந்தப் பட்டியலில் இருப்பதிலேயே அதுதான் சாது. மெலிதாகச் சீவி எடை போடுங்கள், கிலோவுக்கு 22 முதல் 25 கிராம் உப்பு. கண்ணளவு வேண்டாம், தராசு வேண்டும். பத்து நிமிடம் அழுத்திப் பிசைந்தால் அதுவே தண்ணீர் விடும், ஜாடியில் இறுக்கி அமுக்கி, மேலே ஒரு முழு இலையை மூடி, உப்புத் தண்ணீர் நிரப்பிய சின்னப் பையைப் பாரமாக வையுங்கள். கோஸ் எப்போதும் நீருக்கடியில் இருக்க வேண்டும், மற்றதை லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பார்த்துக்கொள்ளும், சில நாளிலேயே அமிலம் ஏறிவிடும். 21 முதல் 24 டிகிரி என்றால் மூன்று நான்கு வாரம், 15, 16 டிகிரி என்றால் ஆறு வாரம்கூட ஆகலாம், 24 டிகிரிக்கு மேல் சூடான அறை என்றால் கொழகொழப்பாகும். மூடியை இறுக்கி வைத்தால் தினமும் ஒருமுறை தளர்த்துங்கள், வாயு சேரும். கீழே ஒரு தட்டு வையுங்கள், முதல் வாரம் பொங்கி வழியும்.

அரைக்கிண்ணம்:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். நான்கு ஜாடியும் குப்பைக்குப் போனது, மனசு கேட்கவில்லை ஆனாலும் போட்டுவிட்டேன். மூன்று ஃப்ரீசரில். ஓடிய ஜாம் ஆப்பிள் பட்டராகி ஐந்தே மணி நேரத்தில் பாதியானது, இரண்டு ஜாடிதான் தேறியது, அதில் ஒன்று ஏற்கெனவே காலி. தக்காளி பாதி சிவந்துவிட்டது. முட்டைகோஸ் மேலே மட்டும் வெள்ளையாக, தட்டையாக ஒரு ஆடை படர்ந்திருக்கிறது. வாசனை நன்றாகப் புளிப்பாகத்தான் வருகிறது. இதையும் குப்பையிலா?

புளிப்புக்காரன்:

வேண்டாம், அது ஒருவகை ஈஸ்ட். கரண்டியால் வழித்துப் போட்டுவிட்டு, பாரத்தைக் கழுவித் திரும்ப வையுங்கள், நீர் குறைந்திருந்தால் லிட்டருக்கு 25 கிராம் உப்புக் கரைத்து ஊற்றுங்கள். பஞ்சு மாதிரி ரோமத்தோடு பச்சை, கறுப்பு, ரோஜா நிறத்தில் ஏதாவது வந்தால் அப்போது யோசிக்காமல் போட்டுவிடுங்கள்.

சட்டிச்சூடு:

அந்தப் பையில் தட்டையாக உறையவைப்பதற்கு நீர் வடிக்க எத்தனை மணி நேரம் விட்டீர்கள்? இந்த வருடம் நானும் ஜாடியை விட்டுவிட்டு அதைத்தான் செய்து பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

கண்ணாடிஜாடி:

எட்டு மணி நேரம், ஃப்ரிட்ஜுக்குள் வைத்து. வடிந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், சூப்புக்கு நன்றாக இருக்கும்.