தலைவன் விழுந்த பிறகும் ஏன் நிற்கிறார்கள்? ‘மால்டன் போர்’ பாடல் பற்றி ஒரு கேள்வி

அரைவிளக்கு:

‘மால்டன் போர்’ பாடலை மூன்று வாரமாக எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருக்கிறேன். பழைய ஆங்கிலம் எனக்கு அரைகுறைதான். பக்கத்தில் அகராதி, எதிரில் மொழிபெயர்ப்பு. எஞ்சியிருப்பதே 325 அடிகள் என்பதால் துணிந்து இறங்கினேன். முடித்தபோது வந்தது எரிச்சல். அதை இங்கே கொட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதை தெரியாதவர்களுக்கு: 991 ஆகஸ்ட். இங்கிலாந்தின் எசெக்ஸில், மால்டன் அருகே, கழிமுகத் தீவு ஒன்றில் வைக்கிங் படை இறங்கியிருக்கிறது. இக்கரையில் எசெக்ஸை ஆளும் பைர்ட்நோத், தலை நரைத்த மனிதர். ‘பொன்னைக் கொடு, போய்விடுகிறோம்’ என்கிறான் தூதன். ‘ஈட்டிதான் கப்பம், வாங்கிக்கொள்’ என்கிறார் இவர். கடல்நீர் வற்றும்போது தலைகாட்டும் ஒடுங்கிய பாதையை மூன்றே பேர் மறித்து நிற்கிறார்கள். அப்படி அடைபட்ட வழியை, எதிரி கேட்டான் என்பதற்காக இவரே திறந்துவிடுகிறார். வெட்டுப்பட்டுச் சாகிறார்.

சரி, பெரிய மனிதரின் பிழை. என் சிக்கல் அதற்குப் பிறகு வரும் 140 அடிகளில். தலைவர் போய்விட்டார், படையில் பலர் காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். மிச்சமிருப்பவர்கள் ஒவ்வொருவராக முன்னே வந்து, நாலு வரி பேசி, போய்ச் செத்து விழுகிறார்கள். யாரைக் காப்பாற்ற? பின்வாங்கி, ஆள் திரட்டி, மறுவாரம் வந்து அடிக்கலாம் என்று ஒருவனுக்குமா தோன்றவில்லை? இது வீரமா, வீம்பா?

ஓலைக்கட்டு:

வீம்பு இல்லை, கடன். செஞ்சோற்றுக் கடன் என்கிறோமே, அதை அவர்கள் சொல்லிலேயே பொதிந்து வைத்திருந்தார்கள். ‘லார்டு’ என்பதன் பழைய வடிவம் ‘ஹ்லாஃபோர்டு’. ‘ஹ்லாஃப்’ என்றால் ரொட்டி. ரொட்டியைக் காப்பவனே தலைவன். அவனை அண்டிப் பிழைப்பவனுக்குக் கெண்ட் அரசர் ஏதல்பெர்ட்டின் சட்டத்தில் இருக்கும் பெயர் ‘ரொட்டி தின்பவன்’.

தலைவன் தன் மண்டபத்தில் தேறல் ஊற்றுவான். பொன்வளையம், வாள், குதிரை கொடுப்பான். வாங்கியவன் எல்லார் முன்னிலையிலும் வஞ்சினம் கூறுவான். மால்டனில் மிஞ்சி நின்றவர்களில் ஒருவனான ஏல்ஃப்வினே இதைத்தான் கிளறுகிறான்: தேறல் குடித்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்து பேசினோமே, யார் வீரன் என்று இப்போது பார்த்துவிடலாம். ‘ஃபின்ஸ்பர்க்’ துண்டுப் பாடலில் 60 வீரர்களைப் புகழும் கவிஞன், குடித்த தேறலுக்கு இவர்களைப் போலக் கைம்மாறு செய்தவர்களைத் தான் கேட்டதே இல்லை என்கிறான்.

பின்வாங்கி எங்கே போவது? தலைவனை இழந்தவன் கதி தெரிய வேண்டுமானால் ‘அலைந்து திரிபவன்’ பாடலைப் பாருங்கள். பனிக்கடலில் தனியே போகிறவன் கனவில் தன் தலைவனைக் கட்டி முத்தமிட்டு, அவன் மடிமேல் கையையும் தலையையும் வைக்கிறான். விழித்துப் பார்த்தால் எதிரே சாம்பல் நிற அலைகள். சிறகை விரித்துக் குளிக்கின்றன கடற்பறவைகள்.

முட்டுக்கட்டை:

பறவைகள் அழகு. ஆனால் நண்பர் பாட்டைச் சட்டப் புத்தகமாக வாசிக்கிறார். அதே 991இல் நடந்ததை, ஆண்டுவாரியாக எழுதிய பழைய ஆங்கில வரலாற்றேடான ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பு சொல்கிறது: டேனியர்களுக்கு, அதாவது வைக்கிங்குகளுக்கு, 10,000 பவுண்டு கப்பம் கட்டினார்கள். பாட்டில் ஈட்டி, கையில் பணம்.

எல்லாரும் நின்று சாகிற நாட்டில் நின்றவனைப் பாட வேண்டிய தேவையே இல்லை. அதே படையில் நின்ற ஓஃபா சொல்வதைக் கவனியுங்கள்: இங்கே துணிச்சலாகப் பேசும் பலர் நெருக்கடி வந்தால் நிலைக்க மாட்டார்கள் என்று அன்றைக்குக் கூட்டத்திலேயே அவன் எச்சரித்திருக்கிறான். ‘பியோவுல்ஃப்’ காவியம் மட்டும் என்ன? கிழட்டு அரசன் டிராகனோடு மோதும்போது, உடன் போன 11 பேரில் 10 பேர் காட்டுக்குள். நின்றவன் விக்லாஃப் ஒருவன்தான்.

வழி திறந்துவிட்டதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கவிஞன் அதை ‘ஓஃபர்மோட்’, அதாவது அளவு மீறிய செருக்கு என்கிறான். எனக்கென்னவோ அந்த மனிதர்மேல் இரக்கம்தான். இப்ஸ்விச்சை ஏற்கெனவே சூறையாடிவிட்டு வந்த கூட்டம் அது. வழி விடாவிட்டால் கப்பலேறி அடுத்த ஊருக்குப் போயிருப்பார்கள்.

ஓலைக்கட்டு:

பாட்டு வேண்டாம் என்றால் அதே ஆண்டுக்குறிப்பின் உரைநடைக்கே வருகிறேன். வெசெக்ஸ் அரசர் கைனவுல்ஃப், காதலியின் வீட்டில் தனித்திருந்தபோது அவருடைய பகைவன் கைனஹேர்டு வளைத்துக் கொன்றான். மறுநாள் வந்த அரசரின் ஆட்களிடம், கேட்ட நிலமும் பணமும் தருகிறேன், உங்கள் உறவினர்களே என் பக்கம் இருக்கிறார்கள் என்றான். எந்த உறவும் எங்கள் தலைவரைவிடப் பெரிதில்லை என்று சொல்லி உள்ளே புகுந்து வெட்டினார்கள். இது மண்டபத்துக் கவிஞனின் பாட்டு இல்லை.

முட்டுக்கட்டை:

ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அது ஆண்டுக்குறிப்பில் ஏறியதே அபூர்வம் என்பதால்தான் என்று அடம்பிடிப்பேன்.

அரைவிளக்கு:

இருவருக்கும் நன்றி. நேற்று இரவு மறுபடி படித்தேன். பைர்ட்நோத்தின் ஆள் கோட்ரிக் போரை விட்டு ஓடும் இடத்தைச் சென்ற முறை வேகமாகத் தாண்டியிருக்கிறேன். கவிஞன் அங்கே நின்று ஒரு விவரம் சொல்கிறான்: பைர்ட்நோத் எத்தனையோ முறை இவனுக்குக் குதிரை கொடுத்திருக்கிறார். அப்படிப்பட்டவன் இப்போது ஏறித் தப்புவது அவருடைய சொந்தக் குதிரையில், அவருடைய சேணத்தோடு. தூரத்தில் பார்த்தவர்கள் தலைவரே ஓடுகிறார் என்று நினைத்துக் கலைந்துவிட்டார்கள். ஓலைக்கட்டு சொன்ன கடன் கணக்கை வைத்துப் படித்தால் அந்தச் சேணம் வேறு மாதிரி கனக்கிறது. அவனுக்கு உயிர் பிழைத்ததல்ல குற்றம். வாரிக் கொடுத்தவரின் குதிரையைக் கொண்டே அவர் படையை உடைத்துவிட்டான்.

இன்னொன்று. பாடலின் தொடக்கமும் முடிவும் தொலைந்துவிட்டன. மூலச் சுவடி 1731 தீவிபத்தில் எரிந்தது. அதற்குமுன் யாரோ எடுத்து வைத்த படியால்தான் இந்த 325 அடிகளும் நம்மிடம் இருக்கின்றன. கடைசியாக மிஞ்சிய அடிகளில் வேறொரு கோட்ரிக் வருகிறான். ஈட்டி எறிந்துகொண்டே முன்னேறி, வெட்டி வீழ்த்தி, விழுகிறான். உடனே கவிஞனுக்குப் பதற்றம், ‘போரை விட்டு ஓடிய அந்தக் கோட்ரிக் அல்ல இவன்’ என்கிறான். அந்த அடியோடு ஏடு நின்றுவிடுகிறது.