கஞ்சாவைச் சட்டப்படி அனுமதிப்பது இங்கே சிங்கப்பூரில் சரிவருமா?

ஈசூன்_வாசகன்: கனடா 2018-இல் அனுமதித்து வயது வரம்பு, வரி, உரிமம் பெற்ற கடை என்று நடத்துகிறது. இங்கே 500 கிராமுக்கு மேல் கடத்தினால் மரண தண்டனை. நடுவில் ஒரு வழியே இல்லையா?

தெம்பனிஸ்_அக்கா: தம்பி, தாய்லாந்தைப் பாருங்கள். 2022 ஜூனில் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள், முழுமையான சட்டம் எழுதுவதற்குள் பேங்காக் தெருவெல்லாம் கடை முளைத்துவிட்டது, அப்புறம் 2025-இல் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று திரும்பினார்கள். பிள்ளை வளர்க்கிற எனக்கு இந்தச் சோதனை வேண்டாம்.

காலாங்_குமார்: அக்கா, அது அவசரப்பட்டதால் வந்த வினை. கனடா முதலில் சட்டம் எழுதியது, பிறகுதான் கடை திறந்தது. கஞ்சா நல்லது என்று நான் சொல்லவே இல்லை, தூக்குத் தண்டனைதான் உறுத்துகிறது. பொட்டலம் சுமந்த ஏழை மாட்டிக்கொள்கிறான், அனுப்பியவன் எங்கோ நிம்மதியாக இருக்கிறான். அதை மட்டுமாவது மாற்றலாம்.

ஈசூன்_வாசகன்: சரி, பேங்காக் போய் புகைத்தால்?

தெம்பனிஸ்_அக்கா: அதுவும் குற்றம்தான். குடிமக்கள், நிரந்தரவாசிகள் வெளிநாட்டில் பயன்படுத்தினாலும் இங்கே வழக்கு வரும். சிறுநீர், தலைமுடி இரண்டையும் சோதிப்பார்கள். கூட வரும் நண்பர்களிடமும் சொல்லிவிடுங்கள்.